சங்கும் இருமலும் நீக்கப்பட்ட உன் இசை

எம்பெருமான் திருவடி நிழலில் இளைப்பாறும் என் தம்பி ராசுவுக்கு,

கோத்தகிரியில் நீ ஃபிட்டராக உழைத்த தேயிலை ஃபேக்டரி இப்போது விடுதியாகிவிட்டது. அதன் உணவுக்கூடத்தில், அன்று நீ ஆலை ஓசைகளைக் கோத்துப் பதிவுசெய்த இயந்திர இசை ஒலிக்கிறது. மகிழாதே. நேற்றுப் போய்க் கேட்டுவிட்டு நெஞ்சு கொதித்து எழுதுகிறேன்.

இலை சுருட்டும் ரோலரின் உறுமல் இருக்கிறது. அதன்மேல் யாரோ புல்லாங்குழலை ஒட்டியிருக்கிறார்கள். தகரத்தில் நீ ஸ்பேனரால் அடித்த அடி இல்லை. ஆலைச் சங்கு இல்லை. தூள் சலிக்கும் அறைப் பெண்களின் இருமலும் இல்லை.

நீதானே எனக்குச் சொன்னாய்? ஆங்கிலேய நாட்டின் ஆலை நகரங்களில், வேலையும் வருங்காலமும் அற்ற இளைஞர்கள் தங்களை ஆட்டிவைத்த இரைச்சலையே நாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டி, கேட்பவர் முகத்தில் திருப்பி எறிந்தார்கள் என்று. ஜெர்மனியில் இரும்புத் தகடும் துளைக்கருவியும் வாத்தியங்களாயின. பிறகு அதற்குத் தாளம் கட்டி ஆடினார்கள்; அமெரிக்காவில் கிடாரும் சேர்ந்து பெரிய மேடை ஏறியது. "மேடை ஏறியும் கோவம் தணியலக்கா" என்பாய். இங்கே அதை ஊறுகாயாக்கி இலையோரம் வைத்துவிட்டார்கள்!

மேலாளரிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, கெஸ்ட் எல்லாம் நிம்மதியா டீ குடிக்க வர்றாங்க. இருமல் கேட்டா தொந்தரவுங்க."

"தொந்தரவு பண்ணத்தானுங்க அவன் பதிஞ்சான்."

"கோயில்ல பதிகம் பாடுறவங்க நீங்க. இந்த இரைச்சலுக்கா பரிஞ்சு பேசறீங்க?"

"எங்க சாமி சுடுகாட்டுல ஆடுறவருங்க. அங்கென்ன புல்லாங்குழலா ஊதுனாங்க?"

பேய்க்கூட்டம் பறை முழக்க, எரியும் சுடலையில் ஆடும் பெருமானையன்றோ நாள்தோறும் பாடுகிறேன்? இன்னொலி மட்டுமே தெய்வத்துக்கு உரியது என்று எந்த மறை விதித்தது?

உள்ளபடியே ஒலிக்கச் செய்வோம் என்ற வாக்கை நம்பித்தான் உன் கேசட்டைக் கொடுத்திருந்தேன். "சங்கையும் இருமலையும் திரும்பச் சேருங்க, இல்லீன்னா சுவத்துல இருக்குற எந்தம்பி பேரை எடுத்துடுங்க" என்றேன். அவர் உடனே ஆளை அழைத்தார். என் கண்முன்பே பெயர்ப்பலகை கழன்றது. புல்லாங்குழலோ நிற்கவில்லை. ஓர் இருமலைச் சகிப்பதைவிட உன் பெயரை அகற்றுவது இவர்களுக்கு அத்தனை எளிதா, ராசு?

பலகையையும் கேசட்டையும் வாங்கி வந்துவிட்டேன். உன் திதிக்குத் தூள் அறைப் பெண்களை அழைத்திருக்கிறேன். "எங்க இருமலுமா பாட்டு?" என்று அவர்களில் சரசு சிரித்தாள், சிரித்துச் சிரித்து மறுபடி இருமினாள்.

அன்று முதலில் உன் இசைதான், முழுமையாக, ஓசை குறைக்காமல். கடைசிச் சங்கு ஊதி ஓய்ந்த பின்னரே நான் பதிகத்துக்கு வாய் திறப்பேன். இது அந்தச் சுடலையாடிமேல் ஆணை.

உன்னோடு பிறந்தவள்,
தெய்வானை அக்காள்