தறி நின்றுவிட்டது, வாங்க

ஜனவரி 8

மகளின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் எப்படி? மகள் வாங்கிய வீடு எங்கே தெரியுமா? நம் மில்லுக்குள்ளேயேதான். மாடித் தறிக்கூடத்தைத் தடுத்து வரிசையாக வீடுகளாக்கிவிட்டார்கள். என் தறி நின்ற இடத்தில் இப்போது அடுப்பு. ஃபிட்டராக நீங்கள் உட்கார்ந்திருந்த மூலை, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் குளியலறை. தூணில் இருக்கும் எண்ணெய்க் கறையை அழகு என்று விட்டுவைத்திருக்கிறார்கள். தேய்த்துக் கழுவப் போனேன், மகள் பதறிவிட்டாள்.

உங்களையும் வரச் சொல்கிறாள். நான் கூப்பிடவில்லை, அவள் சொன்னதைச் சொன்னேன்.

இப்படிக்கு,
மகளின் அம்மா

ஜனவரி 17

அவளுக்கு,

தம்பி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உப்பில்லாத சாப்பாட்டைத் தவிர.

மில் ஓடியவரை நமக்குள் சண்டை உண்டா? அந்த இரைச்சலில் கைச்சைகைதான் பேச்சு. குத்திக்காட்டச் சைகை ஏது? மில்லை மூடினார்கள், வீட்டில் வாயைத் திறந்தோம், வந்தது வினை. மறுபடி சேர்ந்தால் மறுபடி பேசுவோம். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் நினைப்பு இல்லாத நாள் இல்லை, அது வேறு விஷயம்.

மகளின் அப்பா

பிப்ரவரி 3

என்னங்க,

நேற்று வாசல்வரை வந்துவிட்டு மாடி ஏறாமல் முற்றத்திலேயே நின்றால் என்ன அர்த்தம்? பால்கனிக் கண்ணாடிக் கதவின் பூட்டு எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே நின்று கத்தினேன், உங்களுக்குக் கேட்கவில்லை. அப்போது நீங்கள் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனீர்கள்.

"சாப்பிட்டியா?"

எத்தனை வருஷம் ஆயிற்று, நீங்கள் என்னை அப்படிக் கேட்டு. அழுகையே வந்துவிட்டது. முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அதற்குள் திரும்பி நடந்துவிட்டீர்கள். பார்த்தீர்களா, இல்லையா? இதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தறிக்காரி

பிப்ரவரி 9

தறிக்காரிக்கு,

பார்த்தேன். "தறி நின்றுவிட்டது, வாங்க" என்று நீ கை தூக்கி நான் வராமல் இருந்தது உண்டா? பெட்டியை எடுக்கத்தான் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பூட்டையும் பார்த்துத் தருகிறேன்.

சண்டை வந்தால் நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நீ உள்ளே இருந்து கையைக் காட்டு. சாப்பாட்டில் உப்பு மட்டும் போடு.

உன் ஃபிட்டர்