செபஸ்தியார் கொடியும் காம்ப் கொடியும்

யேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
10.11.2024

என்ரை செல்லக்குஞ்சு டிலுசாவுக்கு,

பெரியம்மா எழுதிறன். போனிலை கதைச்சால் நீ சிக்னல் இல்லையெண்டு கட் பண்ணிப்போடுவாய். கடிதத்தைக் கட் பண்ண ஏலாது. அதுதான் பேனை எடுத்தனான்.

இஞ்சை எல்லாரும் சுகம். வாடை துவங்கீட்டுது, கடல் கலக்கம். உன்ரை தம்பி கொலின்ஸ் வலையைக் காயப்போட்டிட்டு வீட்டிலை கிடந்து குசினிச் சட்டியளைத் திறந்து திறந்து பாக்கிறான். பெத்த தாய்க்குச் சமைக்கிறதைவிட வேறை வேலை இல்லையெண்டு நினைப்பு.

நேற்று அவன் போனைக் கொண்டுவந்து, "அம்மா, டிலுசாக்கான்ரை ஸ்டைலைப் பாருங்கோ" எண்டு காட்டினான். பாத்தன். என்ரை மாதாவே! நீ துவக்கோடை குப்புறப் படுத்திருக்கிறாய். பக்கத்திலை வெள்ளைக்காரர் வரிசையாப் படுத்திருக்கினம். சுவிசிலையும் சண்டை துவங்கீட்டுதோ எண்டு நெஞ்சு பதறிப்போச்சு. "இல்லையம்மா, அது விளையாட்டு. சனிக்கிழமையிலை சுடுற கிளப்புக்குப் போறவா" எண்டு சிரிக்கிறான்.

விளையாட்டோ பிள்ளை? உன்ரை அம்மாவைச் செல் விழுந்த பங்கருக்கை இருந்து உசிரில்லாமல் தூக்கினது நான். என்ரை தங்கச்சியை என்ரை கையாலை தூக்கினனான். நீ என்ரை சட்டை நுனியைப் பிடிச்சுக்கொண்டு, அழாமல் நிண்டனி. அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்குப் பொம்மைத் துவக்குக்கூட வந்ததில்லை.

தை மாசம் செபஸ்தியார் திருநாளுக்கு வாறனெண்டனி. சுற்றுப்பிரகாரத்திலை அவற்றை சுரூபத்தை வைச்சுத் தூக்கிற கூட்டை, அம்மான்ரை நேத்திக்கடனுக்காக இந்தமுறை நீதான் பூவாலை சோடிக்கிறதெண்டு பங்குச் சுவாமியிட்டையும் சொல்லிப்போட்டன். செபஸ்தியார் ஆர்? மரத்திலை கட்டிவைச்சு அம்பாலை எய்யப்பட்டவர். துவக்குப் பிடிக்கிற கையாலை அவற்றை கூட்டிலை பூ வைக்க நான் விடன். அந்தக் கிளப்பை விட்டிட்டு வா. விடாட்டில் வராதை. கோபத்திலை எழுதிறனெண்டு நினையாதை. செபமாலை சொல்லி முடிச்சு, தண்ணி குடிச்சு, ஆறுதலா இருந்துதான் எழுதிறன்.

ஒழுங்காச் சாப்பிடு. மெலிஞ்சு போனாய். குப்புறப் படுத்தாலும் தெரியுது.

உன்ரை பெரியம்மா
சுசிலா


பேர்ண்
01.12.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை முழுக்க வாசித்தேன். கட் பண்ணவில்லை. இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. சாப்பிடுகிறேன், கவலைப்படாதேங்கோ.

கொலின்ஸ் சொன்னது பாதி உண்மை. நான் அங்கே சுடுவது குறைவு. சனிக்கிழமைகளில் மேற்பார்வை என் பொறுப்பு. பல் டாக்டர் வருவார், பஸ் ஓட்டுகிறவர் வருவார், பண்ணைக்காரர் வருவார். ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லார் கையிலும் துவக்கு. அப்படியிருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஏனென்று யோசித்துப் பாருங்கோ. மரியாதைதான் காரணம். குழல் எப்போதும் இலக்கைத்தான் பார்க்கவேண்டும். அடுத்தவரின் துவக்கைக் கேட்காமல் தொடக்கூடாது. கேட்காமல் புத்தி சொல்லக்கூடாது (நீங்கள் அங்கே ஒரு நாளும் தாக்குப்பிடிக்கமாட்டீர்கள்). பிழைவிட்டவரை எல்லாருக்கும் முன்னால் ஏசாமல் ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. அங்கே நிற்கிற யாரும், நேற்று வந்த சின்னப்பிள்ளைகூட, "நிறுத்து" என்று கத்தலாம். கத்தினால் எல்லாரும் நிறுத்தவேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன கிழமை ஒரு வயதான மனிசன் துவக்கோடு பின்பக்கம் திரும்பிவிட்டார். நான் நிறுத்தினேன். "எங்கேயிருந்தோ வந்த நீ எனக்குப் பழக்குகிறாயா?" என்று கத்தினார். "முதலில் அதைக் கீழே வையுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமென்றாலும் என்னை ஏசுங்கள்" என்றேன். வைத்தார். வைத்துவிட்டு நன்றாக ஏசினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நேற்றும் வந்தார். என்னோடு பேசவில்லை. ஆனால் குழல் ஒரு விரல்கூடத் திரும்பவில்லை.

பெரியம்மா, அந்த நாட்களில் அந்தச் சத்தம் வந்தபோது "நிறுத்து" என்று சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க ஆள் இருக்கவில்லை. இங்கே நான் சொன்னால் நிற்கிறது. அதற்காகத்தான் போகிறேன். அதை நான் விடமாட்டேன்.

கூடு சோடிக்க நான் வேண்டாமென்றால் நீங்களே சோடியுங்கோ. ஜனவரி பதினெட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். கான்சல் பண்ணவா, வேண்டாமா என்று ஒரு சொல் எழுதுங்கோ.

உங்கள்
டிலுசா


யேசுவுக்கே புகழ்

முல்லைத்தீவு
16.01.2025

என்ரை பிள்ளை டிலுசாவுக்கு,

உன்ரை கடிதம் நத்தார்ப் பண்டிகைக்கு முதலே வந்திட்டுது. பதில் எழுதிறேல்லை எண்டு வைராக்கியமா இருந்தனான். இப்ப எழுதிறன். தபாலிலை போட்டால் திருநாள் முடிஞ்சிடும். எழுதி முடிய கொலின்ஸ் படம் எடுத்து அனுப்புவான். அவன் என்னோடை கோபம். ஏனெண்டு சொல்லுறன்.

நீ போனாப்பிறகு ஆமிக் காம்ப்புக்காரர் களப்பு ஓரமாச் சூட்டுப் பயிற்சிக்கு ஒரு இடம் எடுத்தவை. சுடுற நாளிலை களப்பு மண்கட்டு மூலைக் கம்பத்திலை சிவப்புக் கொடி ஏத்துவினம். அது ஏறினால் நாங்கள் களப்பிலை இறங்கிறேல்லை. செபஸ்தியாரோ ரத்தம் சிந்தின வேதசாட்சி, அவருக்கும் சிவப்புத்தான். போன சனிக்கிழமை திருநாள் கொடியேத்தம். எங்கடை பொடியள் கோயிலிலை இருந்து களப்புக் கரைச் சுரூபக் கெபி மட்டும், கட்டு நீளத்துக்குச் சிவப்புக் கொடி கட்டிப்போட்டாங்கள். முன்னுக்கு நிண்டு கட்டினது கொலின்ஸ். காம்ப் கம்பத்தையும் விடேல்லை, அதிலையும் ஒரு முடிச்சு.

திங்கள் விடிய நானும் மீனம்மாவும் இன்னும் நாலைஞ்சு பொம்பிளையளும் இறால் தடவ இறங்கினம். காம்ப்புக்காரன் தன்ரை கொடியை ஏத்தித்தான் இருக்கிறான். அவ்வளவு சிவப்புக்கை அது எங்கை தெரியிறது? இடுப்பளவு தண்ணியிலை நிக்கிறம், தலைக்கு மேலாலை கீச்செண்டு ஒண்டு போச்சுது. மீனம்மா இறால் பறியோடை சேத்திலை விழுந்தாள். மற்றவையும் தண்ணிக்கை தாண்டிட்டினம். ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, உடம்புக்கே தெரியும்.

என்ரை உடம்பும் தாழத்தான் பாத்தது. ஆனால் உன்ரை கடிதம் மனசிலை குறுக்கை வந்து நிண்டிட்டுது. எழும்பி நிண்டன். தலைத்துண்டை உருவி ஆட்டி, தெரிஞ்ச சிங்களத்திலை "நவத்தன்ன! நவத்தன்ன!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். நிப்பாட்டச் சொல்லித்தான்.

நிண்டிட்டுது, டிலுசா. நான் சொல்ல நிண்டிட்டுது.

பிறகுதான் கூத்து. ஒரு ஆமிப் பொடியன் துவக்கோடை ஓடி வாறான், முகத்திலை ரத்தமில்லை, வாய் நிறைய ஏச்சு. இஞ்சாலை கொலின்ஸும் கூட்டாளியளும் தடியளோடை. "என்னடா, மிச்சமிருக்கிறதுகளையும் முடிக்கப்போறியோ?" எண்டு கேட்டுக்கொண்டு வாறான். நடுவிலை நான், சேறு வடிய வடிய. ஆமிப் பொடியனுக்குக் கையாலை காட்டினன். "முதல் அதை வை ராசா. பிறகு விடிய விடியப் பேசு, கேக்கிறன்." அவன் வைக்கேல்லை. கொலின்ஸைப் பாத்து, "தடியைப் போடடா" எண்டன். "நீங்கள் தள்ளுங்கோ அம்மா" எண்டான். குடுத்தன் கன்னத்திலை ஒண்டு. பிழைவிட்டவனை ஒரு பக்கமாக் கூப்பிட்டுத்தான் சொல்லவேணுமெண்டு நீ எழுதினது ஞாபகம் இருந்தது. எனக்கு அந்த அவசரத்திலை ஒரு பக்கமும் கிடைக்கேல்லை. தடி விழுந்தது. அதைப் பாத்திட்டு ஆமிப் பொடியனும் துவக்கைப் பின்னுக்கு நிண்டவனிட்டைக் குடுத்திட்டான். தனக்கும் விழுமெண்டு பயந்திருப்பான்.

அவன் சிங்களத்திலை ஏசினான். நாங்கள் தமிழிலை ஏசினம். ஏசிக் களைச்சுப்போக, காம்ப்பிலை இருந்து தமிழ் தெரிஞ்ச ஒரு பெரியவர் வந்தார்.

"கொடி போட்டிருக்குத்தானே அம்மா?"

"எந்தக் கொடி?"

கையை நீட்டினார். நீட்டின கை நீட்டினபடியே நிண்டுது. கட்டு முழுக்கச் சிவப்பு. அவருக்கே தன்ரை கொடியைத் தேடவேண்டிப் போச்சு. கொலின்ஸ் மெல்ல மீனம்மான்ரை முதுகுக்குப் பின்னாலை போயிட்டான்.

"உங்கடை கொடியைக் கழட்டுங்கோ" எண்டார்.

"கழட்டமாட்டம். இந்தக் கட்டுக்குச் செபஸ்தியார் உங்களுக்கு முந்தி வந்தவர். திருநாள் முடியுமட்டும் நீங்கள் சுடாதேங்கோ."

"அது ஏலாது அம்மா. பயிற்சி முடிக்க மேலிடத்து ஓடர்."

"எனக்கும் மேலிடம் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுக் அந்த மண்கட்டு மேலையே இருந்திட்டன். சுவாமி வந்து சொன்னார், எழும்பேல்லை. மீனம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள், குடிச்சன், எழும்பேல்லை. ஈரச் சீலை உடம்பிலையே காஞ்சுது. பின்னேரம் அந்தப் பெரியவர் திரும்பி வந்தார், எனக்கு என்ன வேணுமெண்டு சொன்னன். முதல் நாள் வேஸ்பர் ஆராதனைக்கும் திருநாளுக்கும் வெடி இல்லை. எங்கடை கொடி கழட்டிறேல்லை. மற்ற நாளிலை சுடத் துவங்க முதல் எங்கடை ஆள் ஒராள் அவையோடை நிக்கவேணும். அந்த ஆள் "நிப்பாட்டு" எண்டால் கேள்வியில்லாமல் நிப்பாட்டவேணும். ஓமெண்டார்.

ஆர் போய் நிக்கிறது? ஆம்பிளையளை விட்டால் அரை மணித்தியாலத்திலை அடிபாடு. நான் போறனெண்டன். கொலின்ஸ், "அடிச்சதும் காணாதெண்டு இப்ப ஆமிக்குக் காவலோ" எண்டு கேட்டவன். அண்டைக்குத் துவங்கின கோபம்தான், இன்னும் தீரேல்லை. சட்டியைத் திறக்க மட்டும் குசினிக்கு வாறான்.

பொங்கல் கழிய, நேற்றுத்தான் எனக்கு அங்கை முதல் நாள். எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தாங்கள். பயமோ எண்டு கேக்காதை. முதல் வெடிக்கு மூத்திரம் வந்திட்டுது. ஆனால் இருந்தன். ரண்டுதரம் நிப்பாட்டினன். ஒருக்கால் ஆரின்ரையோ மாடு. மற்றது சும்மா, நிப்பாட்டிறாங்களோ எண்டு பாக்க. நிப்பாட்டினாங்கள். அண்டைக்கு ஏசின பொடியன்தான் எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தவன். பேர் கேக்கேல்லை. கேக்கிற அளவுக்கு மனம் இன்னும் வரேல்லை.

எனக்குத் துவக்கு எண்டும் பிடியாது. நீ தொடுறது இண்டைக்கும் நோகுது, அதை மறைக்கமாட்டன். ஆனால் நீ அங்கை போய் நிக்கிறது ஏனெண்டு கேக்கமாட்டன். டிக்கெட்டைக் கான்சல் பண்ணாதை. கூடு சோடிக்காமல் நிக்குது. பூவுக்கு மீனம்மாட்டைச் சொல்லிப்போட்டன். உன்ரை கையாலைதான் சோடிக்கவேணும்.

ஒரு சாமான் கொண்டு வா. நேற்று முழுக்கக் காது கிண்ணெண்டுது, இரவு செபமாலை சொல்ல என்ரை சத்தமே எனக்குக் கேக்கேல்லை. சுடுற இடத்திலை காதுக்குப் போடுறது ஏதோ இருக்காமே, அதிலை ஒண்டு. திருநாள் முடிய மற்றக் கிழமையும் நான் போகவேணும்.

அந்தப் பொடியன் பஞ்சைத்தான் காதிலை அடைஞ்சுகொண்டு நிக்கிறான். அவனுக்கும் ஒண்டு கொண்டு வா எண்டு நான் சொல்லமாட்டன். நீ கொண்டு வந்தால் தடுக்கவும் மாட்டன்.

உன்ரை வரவைப் பாத்துக்கொண்டிருக்கிற
பெரியம்மா சுசிலா