ஆடாத ஸ்டாண்டு

11 பிப்ரவரி, செவ்வாய்
தைப்பூசம். சங்கராபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போட்டோ எடுத்தேன். குழந்தை அழுதது; தாய்மாமன் அதைவிட ஜாஸ்தி அழுதார்.

மகள் மலர்விழிக்கு விசா வந்துவிட்டது. மார்ச் கடைசியில் ஜெர்மனி, நர்ஸ் வேலை. ஊரில் பாதிக் கல்யாணம் நான் எடுத்தது. பெத்த பொண்ணை உருப்படியா ஒரு படம் எடுத்ததில்லை.

ஒரு ஆசை. விடியலில் பௌர்ணமி நிலா கல்வராயன் மலைப்பக்கம் இறங்கும்போது, தூரத்துப் பாறைக் கரட்டின்மேல் அவள் நிற்கணும். நிலாவுக்குள்ளேயே நிற்கிற மாதிரி. பத்தாவது ஃபெயிலுக்கு இவ்வளவு கற்பனை போதும். தூரத்தைக் கிட்ட இழுக்கிற பெரிய டெலி லென்ஸ் வாடகைக்கு எடுத்தாச்சு.

12 பிப்ரவரி
நான் ஏரிக்கரையில், மலர் கரட்டுமேல். நிலா பலாச்சுளை நிறத்தில் இறங்கியது. என் கல்யாண வீடியோ ஸ்டாண்டு லென்ஸ் கனம் தாங்காமல், மாமனாரைக் கண்ட புது மாப்பிள்ளை போல மெல்லத் தலை குனிந்தது. நிமிர்த்தினேன். மறுபடி குனிந்தது. அதுக்குள்ள நிலா போச்சு.

கிடைத்த ஒரே கலங்கல் படத்தை மலர் பார்த்தாள். "இன்னாப்பா, எனக்கு மூணு தலை?"

அவள் போறதுக்குள்ள இன்னும் ஒரே பௌர்ணமி.

17 பிப்ரவரி
கள்ளக்குறிச்சி. லென்ஸ் வாடகைக்குத் தரும் அன்புச்செல்வன் கடை. ஸ்டாண்டு உயரமா வேணும், கனம் கம்மியா வேணும் என்றேன்.

"ஸ்டாண்டு பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களாண்ணே? கனமா இருந்தாத்தான் நிக்கும். நடுத்தண்டைத் தூக்காமலே கண்ணு மட்டத்துக்கு வரணும். ஸ்டாண்டுல கேமராவை மாட்டாதீங்க, லென்ஸுக்கு அடியில கால் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதை மாட்டுங்க. மூக்கு சாயாது."

தடித்த கால் வைத்த ஒன்றைக் காட்டினான். மேலே கைவைத்து அமுக்கினேன். அசையல. வாங்கிட்டேன். தோளில் அதோடு ஏறிய என்னைப் பஸ்ஸில் பந்தல்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

2 மார்ச்
கனவு. நிலா எங்க ஏரிக்குள் இறங்கி நிற்கிறது. மலர் அதன்மேல் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள். நான் ஸ்டாண்டைத் தேடிக்கினே இருக்கேன்.

எழுந்து, பழகிப் பார்க்கத் தென்னை உச்சியை எடுத்தேன். இப்பவும் கலங்கல். ஏன்? ஸ்டாண்டு புதுசாச்சே?

பின்னால் என் வூட்டுக்காரி ஜீவா. "அது நல்லாத்தான் நிக்குது. நீங்கதான் புடிச்சிக்கினு ஆடுறீங்க. கைய எடுங்க."

ரெண்டு செகண்டு டைமர் வைத்துக் கையை எடுத்தேன். ஓலை ஓலையாகத் தெரிந்தது. இருபது வருஷத் தொழில்!

14 மார்ச், வெள்ளி
பௌர்ணமி விடியல். ஏரிமேல் பனி, மலையே மிதக்கிற மாதிரி. மலர் கரட்டுமேல்; ஜீவா அவளுக்குத் துணையாக அங்கே பாறைக்குப் பின்னால். போனில் மலர்: "அப்பா, கை காட்டட்டா?"

"ஆடாம நில்லும்மா."

நிலா அவள் பின்னால் வந்தது. பொத்தானை அமுக்கிவிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ரெண்டே செகண்டு — எந்த முகூர்த்தமும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

நிலாவுக்குள் மலர். காற்றில் பிரிந்த ஒரு முடிகூடத் தெரிகிறது.

15 மார்ச்
அந்தப் படத்தையே பார்த்துக்கினு இருந்தேன். வேற வேலை ஓடல.

27 மார்ச்
கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. "இங்கயே நில்லுங்கப்பா. ஏர்போர்ட் வந்தா அழுவீங்க" என்று மலர் முன்னாடியே சொல்லிவிட்டாள். சென்னை பஸ், ஜன்னலோரம். வண்டி உறுமுது. நான் ஜன்னல் கம்பியை —

"பெருசு, கைய எடு!" கண்டக்டர்.

எடுத்தேன். பஸ்தான் ஆடிக்கினு போச்சு. நான் ஆடல.

ஆடலன்னுதான் நினைக்கிறேன். ஜீவாவைக் கேக்கணும்.