அறுநூறு மரம், ஒரே மரம்

மார்ச் 28
பூ விரிந்துவிட்டது. அறுநூறு பேரி மரமும் வெள்ளை. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு வருஷமாக இதே பூ, இதே படம். காயை விரல் விட்டு எண்ணிவிடலாம். முப்பது வருஷம் மண்டியில் பழம் விற்றவனுக்கு இந்தக் கேவலம்.

மனைவி கெடு வைத்துவிட்டாள். இந்த வருஷமும் காய்க்காவிட்டால் மரங்களைப் பிடுங்கிவிட்டுக் குளிர்கிடங்கு கட்டுகிறாளாம். பாதி நிலம் அவள் பெயரில். ஜூனில் வரச் சொல்லிப் பொக்லைன்காரரிடம் பேசியும் விட்டாள்.

மார்ச் 30
மைத்துனன் வந்து பூவையெல்லாம் சுற்றிப் பார்த்தான். "என்ன மாமா, பூ வியாபாரத்துக்கு மாறிட்டீங்களா?"
சோறு போட்டு அனுப்பினோம். போடாமல் அனுப்பியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 1
தோட்டக்கலை ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பேரிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. அது எனக்கும் தெரியும், அதனால்தான் எட்டு பச்சைக்காய் மரத்துக்கு ஒரு சிவப்புக்காய் ரகம் நட்டிருக்கிறேன் என்றேன்.

அவர் சிவப்பு மரத்தில் தொங்கிய நாற்றுப் பண்ணைச் சீட்டைத் திருப்பிப் படித்தார். "இது தனி ரகம் இல்லைங்க. பச்சை மரத்துல எப்பவோ ஒரு கிளையில காய்த்தோல் மட்டும் நிறம் மாறி வந்தது, அதை ஒட்டுக்கட்டிப் பெருக்கினதுதான் இது. உள்ளே ரெண்டும் ஒண்ணுதான்."

ஒவ்வொரு மரத்துக்கும் மரபணுவில் இரண்டு அடையாளக் குறி உண்டாம். வந்து விழும் மகரந்தம் அதில் ஒன்றைச் சுமந்து வந்தால், பூவின் சூல்தண்டு அதைப் பாதி வழியிலேயே மடக்கிவிடும். என் பச்சைக்கும் சிவப்புக்கும் அதே இரண்டு குறி.

"உங்ககிட்ட அறுநூறு மரம் இல்லைங்க. ஒரே மரம்தான், அறுநூறு இடத்துல நிக்குது."

யாரைத் திட்டுவது? கன்று வாங்கப் போன அன்றைக்கே நாற்றுப் பண்ணைக்காரர் பழுப்பு ரகம் ஒன்றைக் காட்டினார். சொறி பிடித்த மாதிரித் தோல். "இதை எவன் வாங்குவான்?" என்று தள்ளிவிட்டுச் சிவப்பைக் கேட்டு வாங்கியது நான். தோலைப் பார்த்தே விலை சொல்லிப் பழகிய கண்!

இந்தப் பருவத்துக்கு ஒரே வழி: வேறு ரகத்தின் பூக்கிளைகளை வெட்டி, தண்ணீர் வாளியில் மரத்தடியில் நிறுத்துவது. தேனீ மீதியைப் பார்த்துக்கொள்ளும். வேறு ரகம் இருப்பது பக்கத்துத் தோட்டத்தில். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கையில் கிடைத்ததையெல்லாம் நட்டு வைத்திருப்பவர். நாலு பேர் முன்னால் அதைக் காயலான் கடை என்று நான் சொன்னது, அவர் காதில் விழத்தான்.

ஏப்ரல் 2
போகவில்லை.

ஏப்ரல் 3
காலையிலிருந்து காற்று. இதழ் உதிர்கிறது. மானம் பார்த்தால் மரம் போய்விடும். போனேன்.

"வாங்க முதலாளி. காயலான் கடையில என்ன வேணும்?"
"பூக்கிளை."
"வெட்டின கிளையில எனக்கு இந்த வருஷம் காய் கிடையாது. தெரியுமில்ல?"
தெரியும். பேரம் பேசாமல் தலையாட்டினேன். நான்!
அவர் உள்ளே போய் ரம்பத்தோடு வந்தார். "வாளியாவது உங்களோடதா, இல்ல அதுவும் நான்தான் குடுக்கணுமா?"
நாற்பது வாளி நிறைந்தது. என் தோட்டத்தின் கிழக்குப் பாதிக்குத்தான் காணும்.

ஏப்ரல் 5
மழை. ஒரு தேனீகூட வெளியே வரவில்லை. வேண்டும் எனக்கு.

ஏப்ரல் 7
வெயில். வாளித் தண்ணீரை மாற்றினேன். கிளைகளில் பூ பாதிதான் மிச்சம்.

ஏப்ரல் 29
மரமெல்லாம் பச்சை மொட்டாய்ப் பிஞ்சு! டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆடாதீங்க. விதை பிடிக்காததும் கொஞ்ச நாள் இப்படித்தான் உப்பும். அப்புறம் கொட்டிடும்." வாயைக் கழுவ வேண்டிய மனுஷன்.

மே 12
கொட்டுகிறது. மேற்குப் பாதியில் கால் வைக்க இடமில்லை, அத்தனையும் தரையில். கிழக்கே போய்ப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்னால். மனைவி போய்ப் பார்த்துவிட்டு, நேராக டிரைவர் தோட்டத்துக்குப் போனாள்.

மே 27
கிழக்குப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுப் போனேன். மனைவி ஏணி மேலே. டிரைவர் கீழே நின்று வழி சொல்கிறார். கொத்துக்கு நாலு, ஐந்து காய். ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப் போடுகிறாள்!

"ஏய், என்ன பண்றே நீ?"
"எடுத்தாத்தான் மீதி பெருசாகும். பொக்லைனை வேண்டாம்னு சொல்லி ஒரு வாரம் ஆச்சு. நீங்க அந்தப் பக்கம் போங்க, இங்க நின்னு புலம்பாதீங்க."

போக முடியவில்லை. நல்ல காய், கெட்டியான காய், சொத்து சொத்தென்று விழுகிறது. அவள் திரும்பாத நேரம் பார்த்து ஒரு கைப்பிடி பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.