கேள்வி கூடினால்

நவம்பர் 9, ஞாயிறு. மல்வேர்ன், கனடா.

என் மனைவி மாலதி யூடியூப்பில் இலவசமாகப் போடும் பொருளியல் பாடத்தின் கீழே, மதுரையிலிருந்து ஒரு மாணவி இன்று எழுதியிருந்தாள்: "மேடம், கேள்வி கூடினா விலை ஏன் கூடணும்? கேள்வி கேட்டா பதில்தானே வரும்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பொருளுக்கு இருக்கும் கிராக்கியை யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேள்வி என்றுதான் படித்தோம். "நக்கலடிக்கிறாள். அழிச்சு விடும்" என்றேன்.

"இல்லையப்பா, சரியாத்தான் கேட்டிருக்கிறாள். அவையள் அதைத் தேவை எண்டெல்லோ படிக்கினம்" என்று மாலதி சிரித்தாள்.

குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பாடம் முழுவதையும் திரும்பப் பதிவு செய்தாள். "நாங்கள் கேள்வி, நிரம்பல் எண்டு சொல்லுவம். நீங்கள் தேவை, அளிப்பு எண்டு சொல்லுவீங்கள். சந்தை ஒண்டுதான்." சோறு போட முடியாமல் பசியோடு வெளியே நின்று கேட்டேன். நானென்றால் இவ்வளவு இறங்கிப் போயிருக்க மாட்டேன்.

இரவு சாப்பிடும்போது பதில் வந்தது. மதுரையில் விடிந்திருக்க வேண்டும். "இப்ப புரிஞ்சுது மேடம். கிளாஸ்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அடுத்த பாடம் எப்போன்னு கேக்குறாங்க."

மதுரையில் என் மனைவிக்குக் கேள்வி கூடிவிட்டது. நிரம்பல் இந்தக் குசினியில் மட்டும்தான்.