அமாவாசைப் போயாவில் ஒரு கல்யாணப் பயணம்

நேற்று தம்புள்ளை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குக் குமட்டியது. பையில் கிடந்த தேசிக்காயை, அந்தச் சின்ன எலுமிச்சையை, நகத்தால் கீறி அவள் கையில் கொடுத்தேன். அந்த வாசம் எழும்பியதுதான் தாமதம், நீ வந்து நின்றுவிட்டாய். ஒரு கை பஸ் கம்பியில், ஒரு கை இடுப்பில், "யாரு குறையுறா?" என்று கேட்டுக்கொண்டு. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்த பிறகும் பஸ்ஸை விட மாட்டேன் என்கிறாயே, சண்டாளி!

மாத்தளையில் நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலம் அது. அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, நிலாக் கணக்கில் வரும் புத்த சமயத்துப் போயா நாட்களுக்கு லீவு கொடுத்த அந்தச் சில வருஷங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடியவே முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம், ஞாபகம் இருக்கா?

அப்போதுதான் வில்கமுவப் பக்கமிருந்து எஸ்தரின் செய்தி வந்தது. தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய் அங்கே காடு வெட்டி வயல் செய்த சில குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. போதகர் எவரும் எட்டிப் பார்க்காத இடம். காத்திருந்து அலுத்துப்போய், பிடித்தவனோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டாள். இப்போது நிறைமாதம். "ஜெபம் பண்ணித் தாலி கட்டாத வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அவள் அம்மா சத்தியம் பண்ணியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாமல் போகுமே என்று அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த புதன் தவக்காலம் தொடங்கினால் நம் சபையில் கல்யாணம் கிடையாது. போதகருக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிறுதான்.

பயணப் பொறுப்பை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது ஆம்பளைகள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நீ கையைத் தூக்கினாய்.

"டீச்சர், அது காட்டுப் பாதைங்க" என்றார் சபைச் செயலாளர்.

"காட்டுப் பாதைன்னா பஸ்ஸுக்கு டயர் இருக்காதாங்க?" என்றாய்.

அன்றிலிருந்து உன் அதிகாரம் தாங்க முடியவில்லை! ஹார்மோனியம் யார் மடியில், மருந்துப் பெட்டி யார் தலையில், சோற்றுப் பார்சல் எந்தப் பையில் என்று எல்லாம் உன் சொல்படிதான் நடந்தது. வாந்தி எடுக்கிறவர்களுக்குத் தேசிக்காய். இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் "யாரு குறையுறா?" எல்லாரும் வந்தாச்சா என்று நீ கேட்டதே இல்லை. ஏன்டி இப்படிக் கேட்கிறாய் என்றேன். "வந்தவங்க கண்ணுக்குத் தெரியுறாங்க. வராதவங்களத்தான் தேடணும்" என்றாய்.

அந்த ஞாயிறு காலை நாவுலயில் இறங்கி வில்கமுவ பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் ஏறியது; பஸ் வரவில்லை. கடை முதலாளிதான் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார், இன்றைக்குப் போயா, அந்த பஸ் ஓடாது என்று. ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா என்று நீ நாலு தரம் விசாரித்திருந்தாய். உண்டு என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிறு அமாவாசைப் போயாவில் வந்து விழுந்ததால் பள்ளிக்கூடம் லீவு என்று சந்தோஷப்பட்டோமே தவிர, பஸ்ஸும் லீவு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நாடே நிலாவைப் பார்த்து நாள் எண்ண, நாம் வேதக்காரர்கள் மட்டும் ஞாயிறை எண்ணிக்கொண்டிருந்தோம். அதிலும் கண்ணுக்கே தெரியாத நிலா!

"திரும்பிருவோமா டீச்சர்?" என்று போதகர் மெல்லக் கேட்டார். உன் முகம் வெளிறியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். பிறகு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தாய். பன்சலையில் புத்தரைக் கும்பிட்டுவிட்டு வெள்ளை உடுப்போடு வந்த ஒருவர் ட்ராக்டரில் ஏறிக்கொண்டிருந்தார். அவரிடம் உன் சிங்களத்தில் நீ கேட்டது பஸ்ஸைப் பற்றி இல்லை. எஸ்தரைப் பற்றி, அவள் வயிற்றைப் பற்றி, வாசப்படி மிதிக்காத அம்மாவைப் பற்றி. அந்த மனிதர் இறங்கிப் பின்பெட்டியைத் திறந்துவிட்டார். "போயா நாளில் இதைவிடப் புண்ணியம் கிடைக்குமா, ஏறச் சொல்லுங்க" என்றார். புத்தருக்குப் பூ வைத்த கை நம் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டியது.

காட்டுக்குள் ஓரிடத்தில் அவர் சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். பாதையின் குறுக்கே யானைக் கூட்டம். அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசி யானை பாதை நடுவில் நின்றது. அதன் காலுக்கிடையில் ஒரு குட்டி. போதகர் கண்ணை மூடினார். நீ மூடவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாய், கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. குட்டி கடந்த பிறகுதான் தாய் நகர்ந்தது. "கடவுளே, எவ்வளவு பெரிய உலகம்" என்று நீ முணுமுணுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

நாம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. "வந்துட்டாங்க!" என்று சின்னப்பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எஸ்தர் கதவைப் பிடித்து நின்றாள், வயிறும் கண்ணீருமாக. மண்வீட்டுக்குள் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, போதகர் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அப்போது நீ, "ஐயா, கொஞ்சம் பொறுங்க. யாரு குறையுறா?" என்றாய்.

வேலிக்கு அந்தப் பக்கம், ஒடுங்கின ஒழுங்கைப் பாதையைத் தாண்டி, புளியமரத்தடியில் எஸ்தரின் அம்மா குந்தியிருந்தாள், மடியில் ஒரு துணி மூட்டையோடு. காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாளாம். நீ போய்க் கூப்பிட்டாய்.

"சத்தியம் பண்ணிட்டேன் தாயி. ஜெபம் முடியட்டும், வர்றேன்."

"பெத்த மக கல்யாணத்த வேலிக்கு வெளிய இருந்தா பாக்கப் போறீங்க?"

அவள் மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டாள். நீ திரும்பி வந்து, "தூக்குங்க மேசைய!" என்றாய். போதகர் திகைத்தார். "அவங்க உள்ள வர முடியாதுன்னா நாம வெளிய போவோம். இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் நாலு எட்டுதானே ஐயா!" என்றாய். மேசை போனது, ஹார்மோனியம் போனது, எஸ்தரை அவள் மாப்பிள்ளையும் நானுமாகக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். ட்ராக்டர்காரர்கூட ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். புளியமரத்தடியில், அந்தத் தாயின் கண் முன்னால், தாலி ஏறியது. ஆமென் சொல்லி முடியவில்லை, அவள் எழும்பி மகளின் கையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக ஒழுங்கையைக் கடந்து அந்த வாசப்படியை மிதித்தார்கள். மூட்டையை அவிழ்த்தபோது பார்த்தேன். அத்தனையும் பிள்ளைக்குக் கிழித்து வைத்த பழஞ்சேலைத் துணி.

உன் அடக்கத்துக்கு எஸ்தர் வந்திருந்தாள், அன்று வயிற்றில் இருந்த மகனோடு. வீடு நிறைந்த சனம். பெட்டியைத் தூக்கும் நேரம் அவள் என் காதோரம், "அக்கா, டீச்சர் இருந்தா இப்ப என்ன கேட்டிருப்பாங்க?" என்றாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்று குறைந்தது நீ ஒருத்திதான்டி.

இப்போதும் என் பையில் ஒரு தேசிக்காய் கிடக்கும். எங்கே கூட்டம் கூடினாலும் வந்தவர்களை விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம்தான் என் கண் போகிறது. அங்கே யாராவது தனியாகக் குந்தியிருந்தால், கை தன்னால் மேசையைப் பிடிக்கிறது.