அக்கா சைக்கிளின் முன்சக்கரம்

ஜூன் 12, வியாழன்

இன்று வில்லியனூர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலைக்காக எனக்கு மாதிரி வகுப்பு. அக்காவின் பழைய சைக்கிளிலிருந்து முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனேன். அச்சை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே நின்ற மாணவியைச் சுற்றிவிடச் சொன்னேன். "வலது பக்கம் சாய்த்தால் வலது பக்கமே திரும்பும்" என்றேன். சாய்த்ததும் அது இடது பக்கம் திரும்பியது.

"அது உங்க பேச்ச கேக்கலியே மிஸ்!" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை எதையோ குறித்துக்கொண்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. பஞ்சர் ஒட்டக் கழற்றிய சக்கரத்தை நான் பிடித்திருப்பேன். அக்கா எதிரே நின்று டயரின் மேல்புறத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுவாள்; சாய்த்த பக்கமே சக்கரம் திரும்பும். இந்தப் பெண்ணோ என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாள். சுற்றும் திசை மாறினால் திரும்பும் பக்கமும் மாறிவிடும்.

"எங்க அக்கா மாதிரி இழுத்து வுடுடி" என்றேன். சக்கரம் வலது பக்கம் திரும்பியது. அதன்பிறகு எனக்குக் கூச்சமே வரவில்லை.

"திங்கக்கிழமையே வந்துடும்மா" என்றார் தலைமையாசிரியை.

அக்கா பத்தாவதோடு நின்று சேதராப்பட்டு கம்பெனிக்குப் போனவள். அவள் ஷிப்ட் முடிந்ததும் போனில் எல்லாம் சொன்னேன்.

"அதெல்லாம் காலேஜ் பாடமாடி?" என்றாள். "அப்ப எனக்கும் தெரியுமா அது?"

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா உனக்கு" என்றேன்.